கரும்பலகையும் கைத்தொலைபேசியும்

2006 ஆம் ஆண்டு ஜனவரியில் சம்பூரிலோ, கூனித்தீவிலோ, கடற்கரைச்சேனையிலோ முதலாம் தரத்தில் காலடி வைத்த ஒரு பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். அவ்வாண்டு ஆகஸ்டுக்கும் செப்ரெம்பருக்கும் இடையில் மூதூர் கிழக்கு முழுவதும் வெறுமையாயிற்று. வெருகலைத் தாண்டி வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என்று இடைத்தங்கல் முகாம்களுக்குமாக அலைந்த குடும்பங்களில் பல 2015 இலும் 2016 இலும்தான் தமது நிலத்தை மீண்டும் மிதித்தன. கடற்படை முகாமுக்குள் அகப்பட்டிருந்த காணி 2016 மார்ச் மாதத்தில் விடுவிக்கப்பட்டபோது, முதலாம் தரத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்ட அந்தப் பிள்ளை அதே ஆண்டு டிசம்பரில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை. பதினொரு வருடப் பாடசாலை வாழ்வு முழுவதும் இடப்பெயர்வுக்குள்ளேயே கழிந்து போயிற்று.

அப்பிள்ளை படிக்கவேயில்லை என்று நாம் கூற வரவில்லை. தகரக் கொட்டிலிலும் மர நிழலிலும் நின்று படிப்பித்த ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் என்ன இருந்தது? ஒரு வெண்கட்டி, ஒரு பலகை, சில வேளை பத்துப் பிள்ளைக்கு ஒரு பாடநூல். இன்று அதே நிலைமை ஏற்பட்டால், அல்லது வெள்ளமோ புயலோ வந்து மறுபடியும் ஒரு மண்டபத்தில் பாய் விரிக்க நேர்ந்தால், ஆசிரியரின் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசி எவ்வளவு தூரம் உதவும் என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்பும் விடயம். ஆசிரியர்களுக்காக எழுதப்படும் குறிப்புகள் பல உண்டு. நாம் பெற்றோருக்காக எழுதுகிறோம். ஏனெனில், கேட்கத் தெரிந்த பெற்றோர் உள்ள ஊரில்தான் ஆசிரியரும் ஊக்கமடைகிறார்.

இதை எழுதத் தூண்டியது ஒரு தாயின் கேள்வி. "பாதர், புள்ளைக்கு ஒரு போன் வாங்கிக் குடுக்கச் சொல்றாங்க. லோன் எடுக்கவா?" என்று கேட்டார். நுண்கடன் எமது மாவட்டத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை அறிந்தவர்கள் என்ற முறையில், எடுக்க வேண்டாம் என்று உடனே கூறினோம். ஆனால் வேண்டாம் என்று சொல்வதோடு எமது கடமை முடியவில்லை அல்லவா? கடனெடுக்காமல் என்ன செய்யலாம் என்பதையும் விளக்க வேண்டும்.

ஒரு தொடர்பு, பல காதுகள்

எமது நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. மகாவலித் திட்டத்தில் கொத்மலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பல கிராமங்கள் நீருக்குள் மூழ்கின. உங்களைப் போலவே மண்ணை இழந்த கமக்காரர்களின் பிரதேசம் அது. அங்கு 1989 இல் ஒரு சமூக வானொலி ஆரம்பிக்கப்பட்டது. 1990களின் இறுதியில், இணையம் என்ற சொல்லையே நாட்டில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிராத காலத்தில், யுனெஸ்கோவின் உதவியுடன் அந்த வானொலி நிலையத்திற்கு இணைய இணைப்பொன்று கிடைத்தது. வீட்டுக்கு வீடு கணினி கொடுக்க எவராலும் இயலாது. ஆகவே அவர்கள் ஒரு வழி கண்டார்கள். மக்கள் தமது கேள்விகளை எழுதியனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் ஆங்கிலத்தில் தேடி, கிடைத்த பதிலைச் சிங்களத்தில் வானொலியில் விளக்குவார். கம்பொளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் மக்கள் சென்று பார்ப்பதற்கு இணைப்பு வழங்கப்பட்டது.

ஒருவரிடம் உள்ள இணைப்பு ஒரு பிரதேசத்துக்கே போதுமானதாயிற்று என்பதைக் கவனியுங்கள். எமது மாவட்டத்தின் உட்கிராமங்களில் இன்றும் நிலைமை ஏறக்குறைய அதுவே. சமிக்ஞை ஓரிடத்தில் உண்டு, ஓரிடத்தில் இல்லை. ஒரு வீட்டில் நல்ல போன் இருக்கும். அது தகப்பனோடு வயலுக்கோ கடலுக்கோ போய்விடும். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்த வேறுபாடு வெட்டவெளிச்சமாயிற்று. நகரத்துப் பிள்ளை வீட்டிலிருந்து படித்தது. 2021 இல் போகிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் சமிக்ஞை தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு நடந்து போன காட்சியை உலகப் பத்திரிகைகள் படம்பிடித்துப் போட்டன. அந்த ஆசிரியரை நாம் மெச்சுகிறோம். ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் பாறையில் ஏற வேண்டியதில்லை. ஒருவர் ஏறி, பாடத்தை இறக்கிக்கொண்டு வந்தால் போதும்.

என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது?

காசு கொடுத்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை என்பதை முதலில் மனதில் இருத்துங்கள். இந்நாட்டில் கல்வி 1945 இலிருந்து இலவசம். பாடநூல் 1980 இலிருந்து இலவசம். அந்தப் பாடநூல்கள் இப்போது கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் கிடைக்கின்றன. மொழி, தரம், பாடம் மூன்றையும் தெரிவு செய்தால் புத்தகம் அத்தியாயம் அத்தியாயமாக வரும். வெள்ளத்தில் புத்தகம் நனைந்து போன பிள்ளைக்கு, அடுத்த விநியோகம் வரும்வரை காத்திராமல், தேவையான அத்தியாயத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுக்கலாம். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் தமிழில் உள்ளன. ஆசிரியர் வழிகாட்டி என்பது ஒரு பாடத்தை எத்தனை பாடவேளைகளில், எந்தச் செயற்பாட்டைக் கொண்டு கற்பிக்க வேண்டும் என்று கூறும் நூல். முகாமில் தொண்டர் ஆசிரியராக நிற்கும் உயர்தரம் முடித்த பிள்ளைக்கு இதைப்போல் ஒரு துணை வேறில்லை. பரீட்சைத் திணைக்களம் கடந்த கால வினாத்தாள்களை வெளியிடுகிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற தளத்தில் இவற்றோடு வீடியோப் பாடங்களும் பயிற்சிகளும் மூன்று மொழிகளிலும் சேர்ந்து கிடக்கின்றன.

பாடநூலுக்கு அப்பால் வாசிக்க விரும்பும் பிள்ளைக்கு 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகம் உண்டு. ஈழத்துத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் அதில் பக்கம் பக்கமாகப் படியெடுக்கப்பட்டுள்ளன. இடப்பெயர்வில் ஊர் வாசிகசாலையையே இழந்தவர்களுக்கு அது என்ன பெறுமதி என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் பிள்ளை தானே தேடிப் படிக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். தேடப் போன பிள்ளை விளையாட்டுக்குள் போய்விடும். தேடுவது ஆசிரியரின் வேலை. அவர் பட்டினத்துக்குப் போகும் நாளில், நல்ல சமிக்ஞை உள்ள இடத்தில், அல்லது வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போகும்போது, அந்தத் தவணைக்குத் தேவையானதை இறக்கி ஒரு மெமரி காட்டில் வைத்துக்கொள்ளலாம். விரல் நகமளவான 32 ஜிபி காட் ஒன்றில் முதலாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரையான தமிழ்மொழிமூலப் பாடநூல்கள் அடங்கிவிடும். விதைநெல்லைப் போல அதை ஒரு முறை சேர்த்து வைத்தால் பிறகு எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு போனிலிருந்து மற்றொரு போனுக்குப் புளூடூத் மூலமாகவோ, அண்மைப் பகிர்வு வசதி மூலமாகவோ அனுப்புவதற்கு டேற்றாச் செலவு ஒரு சதமும் இல்லை. இதைப் பல ஆசிரியர்களே அறியாதிருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் அனுப்பி இரு பக்கமும் டேற்றாவைக் கரைக்கிறார்கள்.

கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளும் இங்கே குறிப்பிடத்தக்கது. விக்கிப்பீடியா போன்ற பெரிய தளங்களை முழுதாக இறக்கிவைத்து, இணையம் இல்லாமலே திறந்து படிப்பதற்கென்று 2007 இல் உருவாக்கப்பட்டது. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கி இப்போது ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது. அது முழுவதும் ஒரு மெமரி காட்டில் அடங்கும். மின்சாரம் உள்ள ஒரு மண்டபமும் ஒரு பழைய போனும் இருந்தால், சமிக்ஞை எட்டாத இடத்திலும் ஒரு கலைக்களஞ்சியம் திறந்திருக்கும்.

வகுப்பறையில்

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு சிறிய திரையைத் தூக்கிப் பிடித்தால் முன்வரிசையில் உள்ள ஐவருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் சண்டை பிடிப்பார்கள். ஆகவே படம் காட்டுவதைவிட ஒலி கேட்பிப்பது எமது பாடசாலைகளுக்குப் பொருத்தமானது என்பது எமது அனுபவம். கோவில் திருவிழாவிலும் மாதர் சங்கக் கூட்டத்திலும் பாவிக்கும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றைப் போனோடு இணைத்தால் வகுப்பு முழுவதும் கேட்கும். ஆங்கில உச்சரிப்பு, கதை, செவிமடுத்து எழுதும் பயிற்சி யாவும் இவ்வாறு செய்யலாம். படம் கட்டாயம் தேவைப்படும் பாடமாயின், இதயம் எவ்வாறு துடிக்கிறது என்பதைப் போல, பிள்ளைகளை ஐவர் ஐவராகப் பிரித்து, ஒரு குழு பார்க்கும்போது மற்றக் குழுக்கள் வரைந்தும் எழுதியும் கொண்டிருக்கச் செய்யலாம்.

இன்னொன்று. இணையத்தில் உள்ள பாடத்தை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. ஆசிரியர் தமது சொந்தக் குரலிலேயே பாடத்தைப் பதிவு செய்யலாம். ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்று ஒரு மெகாபைட் அளவில் நின்றுவிடும். அதே ஐந்து நிமிடம் வீடியோவாக இருந்தால் இருபது முப்பது மடங்கு வேண்டும். அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் வாடிக்குப் போய்விட்ட பிள்ளைக்கு, முகாம் மாறிப் போன பிள்ளைக்கு, தனக்குத் தெரிந்த ஆசிரியரின் குரல் வந்து சேருவது பாடத்துக்கு மேலான ஒரு நன்மை. "நீ இன்னும் எங்கள் வகுப்புப் பிள்ளைதான்" என்பதை அது உணர்த்துகிறது. படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் பலரோடு நாம் பேசியிருக்கிறோம். பாடம் கடினம் என்று சொன்னவர்கள் சிலரே. இடையில் சில மாதம் விட்டுப்போனது, திரும்பிப் போக வெட்கமாக இருந்தது என்று சொன்னவர்களே அதிகம்.

இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்றொரு கிராமம் உண்டு. அங்கு 2009 இல் போய்ச் சேர்ந்த ரஞ்சித்சிங் திசலே என்ற ஆசிரியர் கண்டது, மாட்டுத்தொழுவத்துக்கும் களஞ்சிய அறைக்கும் இடையில் இருந்த ஒரு சிதைந்த பாடசாலைக் கட்டடம். பாடநூல் பிள்ளைகளின் வீட்டு மொழியில் இல்லை. அவர் அந்த மொழியைக் கற்று, பாடநூலை மொழிபெயர்த்து, பக்கங்களில் கியூஆர் என்னும் சதுரக் குறியீடுகளைப் பதித்தார். அந்தக் குறியீட்டைப் போன் கமராவால் பார்த்தால் பாட்டு, கதை, விளக்கம், பயிற்சி வரும். பின்னர் மாநில அரசே தனது பாடநூல்களில் அந்த முறையைக் கையாண்டது. 2020 இல் உலக ஆசிரியர் விருதும் பத்து இலட்சம் அமெரிக்க டொலரும் அவருக்குக் கிடைத்தன. அதில் பாதியை இறுதிச் சுற்றில் தம்முடன் போட்டியிட்ட ஏனைய ஆசிரியர்களுக்குப் பகிர்ந்தளித்தார். குறியீட்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். பிள்ளைகளின் மொழியை அவர் முதலில் கற்றார் என்பதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம்.

சில இடறல்கள்

மொழியைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தமிழ்ப் பாடங்களைத் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடங்கள். நல்ல பாடங்கள்தான். ஆனால் பாடத்திட்டம் வேறு, கலைச்சொல்லும் வேறு. எமது பிள்ளை ஒட்சிசன் என்று படிப்பதை அவர்கள் ஆக்சிஜன் என்பார்கள்; எமக்கு ஒளித்தொகுப்பு, அவர்களுக்கு ஒளிச்சேர்க்கை; எமக்கு அமுக்கம், அவர்களுக்கு அழுத்தம். ஆசிரியர் பக்கத்தில் நின்று விளக்கினால் பிள்ளை இரண்டையும் அறிந்துகொள்ளும். தனியே பார்த்தால் குழம்பிப் போய்ப் பரீட்சைத் தாளில் கையை நிறுத்திவிடும்.

அடுத்தது எழுத்துரு. உங்கள் பிள்ளைக்கு ஒரு வினாத்தாள் வருகிறது. திறந்து பார்த்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கிறுக்கலாக இருக்கிறது. போன் பழுது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோய்க் காசைக் கொடுக்காதீர்கள். எமது நாட்டில் நீண்ட காலம் பாமினி என்ற எழுத்துருவிலேயே தமிழ் தட்டச்சு செய்யப்பட்டது. அது ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துச் செய்த ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்து அப்படியே தெரியும். ஆசிரியர் ஆவணத்தைப் பிடிஎப் ஆக மாற்றி அனுப்பினாலோ, ஒருங்குறியில் தட்டச்சு செய்தாலோ இந்தத் தொல்லை இல்லை. பாமினியை ஒருங்குறியாக மாற்றித் தரும் இலவசக் கருவிகளும் இணையத்தில் உள்ளன. இதை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். ஆசிரியர் கோபிக்கமாட்டார்; தான் அனுப்பியது உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவர் பார்த்ததில்லை.

வட்ஸ்அப் குழுவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஒரு தாள் வேலைக்குப் பன்னிரண்டு புகைப்படம், அதன்மேல் காலை வணக்கப் படங்கள், அதன்மேல் வீடியோ என்று வந்தால் நூறு ரூபா டேற்றா எங்கே போயிற்று என்று தெரியாது. உங்கள் போனின் வட்ஸ்அப் அமைப்புகளுக்குள் போய், படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். பிள்ளையே செய்து தரும். பின்னர் வேண்டியதை மட்டும் தொட்டு இறக்கலாம். குழுவில் போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆசிரியர் ஒரு கணக்கு வைத்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஒவ்வொரு போன் வீட்டையும் பொறுப்பாக்கிவிடலாம். அல்லது கிழமைக்கு ஒரு தடவை கொமினிகேசனில் போட்டோப்பிரதி எடுத்து, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செலவில் கொடுக்கலாம். அப்படிச் செய்யாத குழு, இருப்பவனை முன்னே தள்ளி இல்லாதவனைப் பின்னே விடும் குழுவாகவே முடியும்.

எமது பிழையையும் மறைக்காமல் கூறிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டு உதவி கிடைத்தது என்ற உற்சாகத்தில், ஒரு சிறுவர் நிலையத்துக்கு எமது பணியகத்தினூடாகத் தட்டைக் கணினிகள் வாங்கிக் கொடுத்தோம். கையளிப்பு வைபவம் நடந்தது, மாலையும் விழுந்தது. எந்தப் பாடத்துக்கு, எந்த நாளில், யார் பாவிப்பது என்று ஒரு வார்த்தை பேசவில்லை. உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அவை அலுமாரிக்குள் பூட்டப்பட்டன. திறந்து பார்த்தபோது மின்கலங்கள் வீங்கியிருந்தன. அந்தக் காசில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை வினாத்தாள் அச்சடித்திருக்கலாம் என்று பிறகு கணக்குப் பார்த்தோம். மனம் நொந்தது.

இப்போது கேள்வி கேட்டால் தமிழில் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானது. பின்னர் வேறு பலவும் வந்தன. ஆசிரியர் ஒருவர் பத்து மாதிரி வினாக்கள் தயாரிக்க அவை நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் தெரியாததையும் தெரிந்தது போலச் சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. எமது பாடநூலின் கலைச்சொல்லும் தவறும். ஆசிரியர் சரிபார்க்காத தாளைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. வீட்டில் பிள்ளை அதைக் கொண்டு கட்டுரை எழுதிவிட்டு விளையாடப் போனால், எழுதப் பழகியது இயந்திரமே.

கடன் எடுக்கவா என்று கேட்ட தாய்க்கு நாம் சொன்னது இவ்வளவுதான். உங்கள் வீட்டில் உள்ள போனை மாலையில் ஒரு மணித்தியாலம் பிள்ளைக்குக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு இருத்துங்கள். ஆசிரியரிடம் போய், "சேர், பாடத்தைக் காட்டில போட்டுத் தாங்க" என்று கேளுங்கள். அவர் அப்படியே செய்தார். முதலில் ஆசிரியர் தயங்கினாராம். பின்னர் மூன்று தாய்மார் சேர்ந்து போய்க் கேட்டபோது இணங்கினாராம்.

அந்தக் காட்டில் இன்னும் இடம் மீதி இருக்கும். ஒரு பகல் நேரம், நல்ல வெளிச்சத்தில், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசி அட்டை, உங்கள் தேசிய அடையாள அட்டை, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை இரு பக்கமும் படம்பிடித்து அதில் சேர்த்து விடுங்கள். படம் மூலப்பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் பத்திரம் தொலைந்து போனால் அதன் இலக்கமும் பதிவுப் பிரிவும் தெரிந்திருந்தால்தான் பிரதி எடுப்பது இலகு. 2006 இல் வெறுங்கையோடு வந்து கச்சேரி வாசலில் நின்றவர்களுக்கு இது விளங்கும். காட்டை ஒரு சிறிய பொலித்தீன் பையில் சுற்றி, மூலப்பத்திரங்கள் இருக்கும் பையிலேயே வையுங்கள். இன்னொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.